மினி கோல்ஃப் கேமில் ஏலியன் குழி ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது, என்ன செய்யலாம்?

கொட்டகலை அக்கா:
வணக்கம். என் தம்பியும் பண்டாரவளையில் இருக்கும் பெரியம்மா மகனும் மொபைலில் ஒரு மினி கோல்ஃப் கேம் விளையாடுகிறார்கள். பழைய ஆர்கேட் கேம்களை ஒவ்வொரு குழியாக மாற்றி வைத்திருக்கிறார்கள், பாங் மாதிரி மட்டை ஏறி இறங்கும் குழி, செங்கல் உடைக்கிற குழி, பேய்கள் சுற்றுகிற பாக்மேன் குழி, இப்படி. தீபாவளி லீவுக்கு எல்லாரும் ஒரே வீட்டில் கூடும்போது யார் குறைந்த அடியில் முடிக்கிறார்கள் என்று போட்டி.

பிரச்சினை ஸ்பேஸ் இன்வேடர்ஸ் குழியில். ஏலியன் வரிசை இடமும் வலமும் நகர்ந்து கீழே இறங்கும், நடுவில் கிடைக்கும் இடைவெளியில் பந்தை விட வேண்டும். தம்பி போனில் அந்த வரிசை ஊர்ந்து போகிறது, இடைவெளி வருவதற்குள் குழிக்கான நேரம் முடிந்துவிடுகிறது. பெரியம்மா மகன் போனில் அதே குழி பாய்ந்து ஓடுகிறது, குறி வைக்கவே முடியவில்லை என்கிறான். இரண்டு பேரும் மற்றவன் ஏமாற்றுகிறான் என்று சண்டை. தம்பி போன் பழசு, மற்றது புதுசு. டவுனில் ஒரு போன் கடையில் கேட்டதற்கு கேமின் டேட்டாவை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். செய்யலாமா?

ஹட்டன் கம்பி:
அக்கா, டேட்டாவை அழிக்க வேண்டாம். செட்டிங்ஸில் கேச்சை (கேம் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கோப்புகளை) அழிப்பது வேறு, டேட்டாவை அழிப்பது வேறு. கேச் போனால் கேம் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். டேட்டா போனால் தம்பி முடித்த குழி, ஸ்கோர் எல்லாமே போய்விடும், கணக்கில் சேமித்து வைத்திருந்தால் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதி.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தம்பி போனில் பேட்டரி சேவர் ஓடுகிறதா? புதுப் போனின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது வினாடிக்குத் திரை எத்தனை தடவை படத்தை மாற்றுகிறது என்பது, எவ்வளவு, 60ஆ 120ஆ?

கொட்டகலை அக்கா:
பேட்டரி சேவர் எப்போதுமே ஓடும் அண்ணே. இங்கே மழை பிடித்தால் மரம் விழுந்து கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று தெரியாது, அதனால் சார்ஜைப் பிடித்து வைப்பது வழக்கம். புதுப் போனில் 120 என்று இருப்பதாக அவன் போட்டோ அனுப்பினான். இன்னொன்று, பேய்க் குழியில் இரண்டு போனிலும் எந்த வித்தியாசமும் இல்லை, ஏலியன் குழியில் மட்டும்தான்.

ஹட்டன் கம்பி:
நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முக்கியமான துப்பு. நேரத்தை எப்படி எண்ணுகிறது என்பதில்தான் கோளாறு, போன் பழசு புதுசு என்பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மொத்தம் 55 ஏலியன், 11 பேராக 5 வரிசை. அதில் இருந்த கம்ப்யூட்டர் சிப்பால் எல்லாரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியாது, ஒரு பிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) ஒரு ஏலியனைத்தான் நகர்த்தும். திரை வினாடிக்கு 60 பிரேம், அப்போது மொத்தக் கூட்டமும் ஓர் அடி வைக்க ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். சுடச் சுட ஆள் குறையும், அதனால் மிச்சமிருப்பவர்களின் முறை சீக்கிரம் சீக்கிரம் வரும், கடைசி ஏலியன் தலைதெறிக்க ஓடுவது அதனால்தான். அதை உருவாக்கிய நிஷிகாடோ அப்படி வேகம் கூடுவதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார், அந்த கேமுக்கு அதுதான் உயிர்.

இந்த மினி கோல்ஃப் செய்தவர்கள் அதை அப்படியே எடுத்திருப்பார்கள் போல, ஒரு பிரேமுக்கு ஓர் ஏலியன். ஆனால் ஆர்கேட் பெட்டியில் பிரேம் மாறாது, போனில் மாறும். சில போன்களில் பேட்டரி சேவர் போட்டால் கேம் 30க்கு இறங்கும், புதுப் போன் 120இல் ஓட்டும். வேகம் நாலு மடங்கு மாறும்.

ஊகமாக விட வேண்டாம், அளந்து பாருங்கள். குழி தொடங்கியதும் பந்தைத் தொடாமல் வரிசை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக எத்தனை வினாடி என்று இரண்டு போனிலும் கடிகாரம் பிடியுங்கள்.

நுவரெலியா மூடுபனி:
நானும் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பாங் குழியின் சமதரையில் சுவருக்கு இணையாகப் பந்தை முழு பலத்தில் இழுத்து விடச் சொல்லுங்கள், இரண்டு போனிலும் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள். யூனிட்டி மாதிரி கேம் எஞ்சின்களில் (கேம் செய்யப் பயன்படும் மென்பொருள்களில்) பந்தின் ஓட்டத்தைத் திரையோடு சேர்க்காமல் தனியாக, 0.02 வினாடிக்கு ஒரு தடவை என்று கணக்கிடுவார்கள். அதனால் பந்து ஒழுங்காக இருந்து ஏலியன் மட்டும் தப்பாக ஓடலாம். எங்க அப்பா 1889இல் தொடங்கிய இங்குள்ள கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்கும் கேடியாக இருந்தவர், பந்து எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தரை எப்படி என்று தெரியும் என்பார். கேமுக்கும் அது சரிதான்.

அப்புறம் புதுப் போனில் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் கேம் மூடிக்கொள்கிறதா? ஆண்ட்ராய்ட் 10இலிருந்து திரை ஓரத்தில் இழுப்பது பின்னால் போகும் சைகை. பந்து ஓரத்தில் இருக்கும்போது குறி வைக்க இழுத்தாலே அது வேலை செய்துவிடும். அடியில் மூன்று பட்டன் வருகிற மாதிரி மாற்றிவிட்டால் போச்சு.

கொட்டகலை அக்கா:
அளந்தாச்சு! தம்பி போனில் 36 வினாடி, பண்டாரவளைப் போனில் 9 வினாடி. பந்து இரண்டிலும் ஒரே இடத்தில், அந்த மஞ்சள் கோட்டைத் தொட்டபடி நிற்கிறது. இங்கே பேட்டரி சேவரை நிறுத்தி, அங்கே 60க்கு இறக்கி மறுபடி பார்த்தோம், இரண்டிலும் 18 வினாடிக்குக் கிட்ட. சண்டை நின்றது. ஓரத்தில் மூடிக்கொள்வதும் இருந்திருக்கிறது, அவன் சொல்லவே இல்லை, அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

பேய்க் குழியில் மட்டும் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்கள், எப்போது அடித்தாலும் சிவப்புப் பேய் வந்து மறித்துக்கொள்கிறது.

ஹட்டன் கம்பி:
ரொம்ப சந்தோஷம். பேய்க்குக் காத்திருக்கக் கூடாது, தொடங்கியவுடன் அடிக்க வேண்டும். 1980இல் வந்த பாக்மேனின் முதல் கட்டத்தில் பேய்கள் முதல் 7 வினாடி ஆளைத் துரத்தாது, தங்கள் தங்கள் மூலைக்குப் போகும். அப்புறம் 20 வினாடி துரத்தும், மறுபடி 7 வினாடி மூலை. சிவப்பு நேராக உங்களைக் குறி வைக்கும், இளஞ்சிவப்பு நீங்கள் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் போய் நிற்கப் பார்க்கும், ஆரஞ்சு கிட்ட வந்தால் தானே விலகிப் போய்விடும். பக்கவாட்டுச் சுரங்கத்துக்குள் எல்லாப் பேயும் மெதுவாகிவிடும், அதனால் சுவரில் பட்டுச் சுரங்கம் வழியாகப் போகிற அடியைப் பழகச் சொல்லுங்கள். இரண்டு போனிலும் இந்தக் குழி ஒன்றுபோல ஓடுவதால் இங்கே கடிகாரத்தை வைத்து எண்ணியிருக்கிறார்கள், ஏலியன் குழியிலும் அப்படிச் செய்வது பெரிய வேலை இல்லை. கேம் செய்தவர்களுக்கு அந்த 36, 9, 18 கணக்கை இரண்டு போனின் மாடலோடு எழுதி அனுப்புங்கள். வெறுமனே ‘வேகம் சரியில்லை’ என்றால் திருத்த மாட்டார்கள், எண் இருந்தால் உடனே பிடித்துவிடுவார்கள்.

கொட்டகலை அக்கா:
இப்போதே எழுதுகிறேன். முதல் 7 வினாடி விஷயம் வேலை செய்கிறது, தம்பி இரண்டு அடியில் முடித்துவிட்டான்.

மஸ்கெலியா பையன்:
அண்ணே, எனக்கும் ஏலியன் குழி வேகம்தான். என் போனில் 60, 120 என்று தேர்ந்தெடுக்கவே இடம் இல்லை, ஆட்டோ மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்ய?

ஹட்டன் கம்பி:
உனக்கு நேர்மாறான வைத்தியம் தம்பி, பேட்டரி சேவரைப் போட்டுப் பார். இந்த வேகத் திரைப் போன்கள் பலவற்றில் அது 60க்கு இறக்கிவிடும். வரிசை ஓரம் விட்டு ஓரம் போக 18 வினாடி வந்தால் சரி, கூடினால் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், போன் மாடலைப் போடு, பார்ப்போம்.