தரம் 10 மகளுக்குக் கணிதம் ஏறவே இல்லை, என்ன செய்யலாம்?

மஸ்கெலியா அம்மா:
மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை, கணிதக் கொப்பியை மட்டும் திறக்கவே மாட்டாள். தவணைப் பரீட்சையில் 28. வகுப்பில் விளங்காவிட்டாலும் எழும்பிக் கேட்க வெட்கம், ஹட்டனுக்கு ரியூசன் அனுப்ப பஸ் காசு கட்டுப்படியாகாது. கணிதம் பாஸ் இல்லாவிட்டால் உயர்தர (A/L) வகுப்புக்குப் போவது கஷ்டமாகிவிடுமோ, அதுதான் பயம்.

கணித டீச்சர்:
அக்கா, புள்ளியை விடுங்கள், விடைத்தாளைப் பாருங்கள். இருபடிச் சமன்பாடு வரை வந்த பிள்ளையே 1/2 + 1/3 ஐ 2/5 என்று எழுதும். −3(எக்ஸ் − 2) ஐ விரித்தால் +6 வர வேண்டிய இடத்தில் −6 இருக்கும். முறை சரி, குறி ஒன்று மாறியதால் விடை பிழை, அப்புறம் "எனக்குக் கணிதம் வராது" என்று பிள்ளை தானே முடிவெடுத்துவிடும். தரம் 7, 8 புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசம், பின்னத்திலிருந்து தொடங்குங்கள்.

உயர்தரப் பொடியன்:
சாதாரண தரப் (O/L) பரீட்சையில் கணிதத்துக்கு S பாஸ் எடுக்க 35 போதும் அன்ரி. முதலாம் வினாத்தாளில் பகுதி அ 25 சின்னக் கேள்வி, தலா 2 புள்ளி. அதைப் பிடிக்கச் சொல்லுங்கள், தேற்ற நிறுவலெல்லாம் பிறகு.

தோட்டத்து அண்ணன்:
எல்லாம் சரி, பல தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கு ஆசிரியரே இல்லையே. பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மஸ்கெலியா அம்மா:
டீச்சர், விடைத்தாளைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே குறிப் பிழை, நாலு இடத்தில்!