குறுக்குவிசைகள்: அலுவலக மேசையில் கண்ட அனுபவங்கள்

மெனுவைத் தேடாமல், விசைப்பலகையில் ஓரிரு விசைகளை அழுத்தியே வேலையை முடிக்க உதவும் குறுக்குவிசைகளைப் பற்றி நால்வர் எழுதுகிறார்கள்.

தக்கலை, ஆவண எழுத்தர் அலுவலகத் தட்டச்சர்

கிரயப் பத்திரம் ஒன்றில் புதிதாக எழுத வேண்டியது மிகக் குறைவு. இரு தரப்பாரின் பெயரும் முகவரியும், சர்வே எண்ணும், பரப்பும், நான்கெல்லையும் மாறுமே தவிர, வில்லங்கம் ஏதுமில்லை என்று உறுதி கூறும் பத்தி முதலானவை பத்திரத்துக்குப் பத்திரம் அப்படியே வருகின்றன. எங்கள் அலுவலகத்தில் நெடுநாள் வழக்கம், பழைய கோப்பைத் திறந்து மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டுவதுதான். நேரம் போவதோடு, வேறொரு கட்சிக்காரரின் தகப்பனார் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு.

இதற்கு மாற்றாக வேர்டில் ஒரு வசதி வெகு காலமாகவே இருக்கிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + எஃப்3 அழுத்தினால் அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். பின்னர் எந்தக் கோப்பிலும் அந்தச் சிறு பெயரைத் தட்டி எஃப்3 அழுத்தினால் முழுப் பத்தியும் வந்துவிடும். மாலையில் வேர்டை மூடும்போது, சேர்த்தவற்றைச் சேமிக்கவா என்று அது கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும்; வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ‘இல்லை’ என்று அழுத்திவிட்டால் அன்று சேர்த்தவை போய்விடும்.

கண்ட்ரோல் + எச் பற்றி எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். ஒரு பெயரை எல்லா இடத்திலும் மாற்றும் இந்த விசை ஆங்கிலத்துக்குப் பொருந்துவதுபோல் தமிழுக்குப் பொருந்தாது. ‘மணி’ என்பதைத் ‘தங்கம்’ என்று மாற்றச் சொன்னால், ‘மணியின்’ என்பது ‘தங்கம்யின்’ ஆகும். ‘சுப்பிரமணி’ என்று எல்லையில் நிற்கும் அண்டை நிலத்துக்காரர் ‘சுப்பிரதங்கம்’ ஆகிவிடுவார். பதிவான பிறகு இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டால் பிழைத்திருத்தல் பத்திரம்தான் போட வேண்டும். ஆகையால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வோரிடமாகப் பார்த்து மாற்றுவதே எங்கள் அலுவலகத்தில் விதி. வேகத்துக்காக வந்த விசையை மெதுவாகப் பயன்படுத்துகிறோம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஷிஃப்ட் + எஃப்5 அதிகம் பேசப்படாத ஒன்று. எல்லை விவரத்தைச் சரிபார்க்க மேலே போனவர், கடைசியாகத் திருத்திய இடத்துக்கு அதை அழுத்தியே திரும்பலாம்.

குலசேகரம், ரப்பர் ஷீட் மொத்தக் கடையின் கணக்கர்

எங்கள் தொழிலில் விலை நாள்தோறும் மாறுவதால், காலையில் ஷீட் கொண்டுவரும் தோட்டக்காரர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு கணினியில் மெனுவைத் தேட முடியாது. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் தொடக்கத்திலிருந்தே விசைப்பலகையை நம்பி அமைந்தது என்பதால், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்ற நான்கும் விரலுக்கு வந்துவிட்டால் கடையின் பாதி வேலை நடந்துவிடும். புதிதாக ஒரு தோட்டக்காரர் வந்து நின்றால், எழுதிக்கொண்டிருக்கும் பில்லை விட்டு வெளியேறாமல் ஆல்ட் + சி அழுத்தி அவர் பெயரில் கணக்கைத் தொடங்கி, கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

முதலாளிக்கு இதில் முதலில் நம்பிக்கை இல்லை. ‘மவுஸ் ஒன்றை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேனே, தம்பி, அது எதற்கு?’ என்று கேட்டார். ஆனால் எதிரே நிற்பவரின் எடைச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பில் முடிவதைப் பார்த்தபின், தாமே பக்கத்தில் உட்கார்ந்து எஃப்9 எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எக்செல் பற்றியும் ஒன்று. தோட்டத்தின் பரப்பைச் சென்டிலிருந்து சதுர மீட்டருக்கு மாற்ற 40.47 என்ற எண்ணை ஒரே கட்டத்தில் வைத்துக்கொண்டு, சூத்திரத்தில் அந்தக் கட்டத்தைக் குறிக்கும்போது எஃப்4 அழுத்தினால் டாலர் குறி விழுந்து அது பூட்டப்படும். பிறகு கண்ட்ரோல் + டி அழுத்திக் கீழே எத்தனை வரிசைக்கும் நிரப்பலாம்.

நாகர்கோவில், தட்டச்சு மற்றும் நகலகம் நடத்துபவர்

நண்பர்கள் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்பவருக்கு அவற்றைவிடப் பெரிய மிச்சம் விசைப்பலகை அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுகிறது. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். ‘ங’வை அடுத்துக் ‘க’, ‘ண’வை அடுத்து ‘ட’ என வரும் இடங்களிலும் புள்ளியைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊர்ப் பெயரொன்று இந்த வசதியை இடறிவிடுகிறது. ‘பத்மநாபபுரம்’ என்று தட்டும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ப’வில் முதலாவது ‘ப்’ ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் ‘அ’ தட்டினால் சரியாக நிற்கும். மனு எழுத வருபவர்களில் கல்குளம் தாலுகாக்காரர் அதிகம் என்பதால், எங்கள் கடையில் சேரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்தால் போதும்.

மார்த்தாண்டம், மேல்நிலைப் பள்ளி ஆசிரியை

நகலெடுக்கவும் ஒட்டவும் சி, வி என்ற எழுத்துகள் வந்ததற்குக் காரணம் கேட்கும் மாணவர்களுக்கு, 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியதையும், 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவில் செய்ததைத் திரும்பப் பெற இசட்டும், வெட்ட, நகலெடுக்க, ஒட்ட எக்ஸ், சி, வி ஆகிய விசைகளும் அமைந்ததையும் சொல்வேன். கீழ் வரிசையில் இடக்கைக்கு அருகே அவை சேர்ந்து நிற்பதை விசைப்பலகையிலேயே காட்டலாம்.

மதிப்பெண் பட்டியல் தயாரிக்கையில் எனக்கு மிகவும் உதவுவது விண்டோஸ் + வி. 2018-இல் விண்டோஸ் 10-க்கு வந்த இந்த வசதி, கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள்வரை பட்டியலிட்டுக் காட்டுகிறது. ஆனால் கணினி மையங்களுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாம் நகலெடுத்த ஆதார் எண்ணும் கடவுச்சொல்லும் அதே பட்டியலில் அடுத்தவர் கண்ணுக்குக் கிடைக்கும். எழுந்து வரும் முன் அந்தப் பட்டியலைத் திறந்து அழித்துவிடுங்கள். பள்ளி அலுவலகத்தில் இருக்கையை விட்டு எழுந்தாலே விண்டோஸ் + எல் அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

தக்கலை தட்டச்சர், மீண்டும்

குலசேகரம் அண்ணன் சொன்ன எஃப்4 என் மடிக்கணினியில் ஒலியளவை மாற்றியது. இத்தகைய கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். சிலவற்றில் எஃப்என் + எஸ்கேப் அழுத்தினால் அந்த வழக்கமே நிரந்தரமாக மாறிவிடுகிறது. டீச்சர் சொன்ன பட்டியலை எங்கள் அலுவலகத்தில் இன்றே திறந்து பார்த்தேன். மூன்று கட்சிக்காரரின் ஆதார் எண்கள் அதில் இருந்தன, அழித்துவிட்டேன்.