இனிட்ராம்எஃப்எஸ் - 'முளைவேர்'னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இனிட்ராம்எஃப்எஸ்ங்கற சொல்லுக்கு (லினக்ஸ் ஆன் ஆகும்போது ரேம்ல ஏறற குட்டிக் கோப்பமைப்பு, அதாவது ஃபைல் சிஸ்டம்) ஐயா நீங்க தமிழ்ல 'தொடக்க நினைவகக் கோப்பமைப்பு'னு குடுத்திருந்தீங்க. பொருள் சரிதான், தப்பே இல்ல, ஆனா போன வாரம் அந்தச் சொல்லை வச்சு ஒருத்தருக்கு விளக்க முயற்சி பண்ணினப்போ எனக்கு வாய்ல வரல, அதான் இதை எழுதறேன்.

தங்கச்சி லேப்டாப், டெபியன் வழி வந்த லினக்ஸ். கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் பண்ணினா எழுத்தா ஓடி, கடைசில கர்னல் பேனிக் (கர்னல் மேல ஓட முடியாம நின்னுடறது), 'அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்', அதாவது எல்லா ஃபைலுக்கும் அடியா இருக்கற ரூட் கோப்பமைப்பை ஏத்த முடியலன்னு நின்னுடுச்சு. அவ போன்ல படிச்சுக் காட்ட நான் வழி சொன்னேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, ஆன் ஆகும்போதே எஸ்கேப் கீயைத் தட்டு (பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்கணும்), கிரப் (கர்னலை ஏத்தி விடற நிரல்) மெனு வரும், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல போய் முந்தின கர்னலை எடுன்னேன், வந்துடுச்சு. டிஎஃப் (டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்குன்னு காட்டற கட்டளை) போட்டா, கர்னல் ஃபைல்கள் இருக்கற பூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் ரொம்பியிருக்கு. புது கர்னல் ஃபைல் வந்து உக்காந்துடுச்சு, அதோட இனிட்ராம்எஃப்எஸை எழுதத்தான் இடம் பத்தல. யூநேம் போட்டு இப்ப ஓடற கர்னல் எதுன்னு பாத்துக்கிட்டு (அதையே தூக்கிடக் கூடாது), அதைவிடப் பழசு ரெண்டை நீக்கிட்டு, புதுசுக்கு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்புறம் அப்டேட்-கிரப்னு ரெண்டு கட்டளை போட்டோம், முடிஞ்சுது.

அப்பதான் அவ கேட்டா, "அது இல்லாம ஏண்ணா வரல?" டிஸ்க்கைப் படிக்கற டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளயே இருக்கு, பூட்டின வீட்டுக்குள்ள சாவி மாட்டிக்கிட்ட கதை, அதனால கிரப் ஒரு குட்டி கோப்பமைப்பையும் கர்னலோட சேத்து ரேம்ல ஏத்திக் குடுக்குது, கர்னல் அதைத் தற்காலிக ரூட்டா வச்சுக்கிட்டு என்விஎம்இயோ (ஒரு வகை வேகமான டிஸ்க்) எல்விஎம்மோ (டிஸ்க் இடத்தைப் பிரிச்சு நிர்வகிக்கற முறை) என்கிரிப்ட் பண்ணின டிஸ்க்கோ, அதுக்குத் தேவையான மாட்யூலை (டிரைவர் மாதிரி கர்னலோட சேர்ற துண்டு) எடுத்துத் திறந்து, நிஜ ரூட் கிடைச்சதும் அதுக்கு மாறிட்டு ரேம்ல இருந்ததை அழிச்சிடுதுன்னு சொன்னேன். சொல்லும்போதே பள்ளிக்கூடத்துல படிச்ச முளைவேர் ஞாபகம் வந்துச்சு. விதைலேர்ந்து முதல்ல வெளிய வர்றது அதுதான். நெல்லு மாதிரி ஒருவித்திலைத் தாவரத்துல அது கொஞ்ச நாள்தான் இருக்கும், தண்டோட அடிலேர்ந்து சல்லிவேர் வந்து பிடிச்சுக்கும், முளைவேர் மறைஞ்சுடும். நடக்கற வேலை அச்சு அசலா இதேதான்!

அவரையிலயும் புளியிலயும் முளைவேரே ஆணிவேரா வளந்துடுதேன்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா இனிட்ராம்எஃப்எஸையே நிரந்தர ரூட்டா வச்சு ஓடற சின்னச் சின்ன சாதனங்களும் இருக்கு, அங்க அது ஆணிவேர்தான், அதனால உவமை ரெண்டு பக்கமும் தாங்குது.

இதுக்கு ரூட்டை நாம 'வேர்'னு ஒத்துக்கணும். 'மூலம்' வேண்டாங்கறதுல நான் உறுதியா இருக்கேன், சோர்ஸ் கோடை ஏற்கனவே மூலநிரல்னு சொல்றோம், மூலக் கோப்பமைப்புன்னா படிக்கறவங்க சோர்ஸ் ஃபைல் இருக்கற இடம்னு நினைப்பாங்க. அந்தப் பிழைச்செய்தி இப்படி வரும்: 'வேர்க் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை'. பாத்த உடனே முளைவேர் இருக்கான்னு தேடத் தோணும்ல?

கர்னல் பேனிக்ல வர்ற பேனிக்குக்குத் தமிழ்ல 'பீதி'னு போட்டிருக்கறதும் உறுத்துது. கர்னல் பயந்து ஓடல, மேல ஓடினா டேட்டா கெட்டுடும்னு தானே நின்னுக்குது, பேனிக் செய்தில 'நாட் சிங்கிங்'னு வர்றதும் டிஸ்க்ல இனி எதையும் எழுத மாட்டேங்கறதுக்குத்தான். 'தன்னிறுத்தம்'னு ஒண்ணு யோசிச்சேன், ஆனா பீதில இருக்கற அந்த அவசரம் இதுல இல்ல, இன்னும் நல்லதா யாருக்காவது தோணினா சொல்லுங்க.

முளைவேருக்கு ஒரே ஒரு இடத்துலதான் எனக்குத் தயக்கம். பழைய இனிட்ஆர்டியும் இதே வேலையைத்தான் செஞ்சுது, ஆனா அது ரேம்ல ஒரு டிஸ்க் மாதிரி, இது அப்படி இல்ல. ரெண்டுக்கும் முளைவேர்னே விட்டுடலாமா, இல்ல அதுக்கு 'முளைவேர் வட்டு'னு தனியாப் பிரிக்கணுமா?