மூன்று பிள்ளைகளுக்கு வீட்டுக்கல்வி: புதிய ஆண்டை எப்படி அமைப்பது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். ஆறு, ஒன்பது, பதின்மூன்று வயதுடைய என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பித்து வருகிறேன். எல்லாப் பாடங்களையும் தனித்தனியே நடத்தப் பொழுது போதவில்லை என்பதால், ஜூனில் தொடங்கும் புதிய ஆண்டில் எவற்றைச் சேர்த்து நடத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். மூத்தவளின் பொதுத்தேர்வு பற்றியும் கவலை உண்டு.

மறுமொழி (சென்னிமலை):
சகோதரி, கணக்கையும் மொழியையும் மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்; அவற்றில் ஒரு படி விடுபட்டால் அடுத்தது ஏறாது. வரலாறும் அறிவியலும் பொதுவாக இருக்கலாம். நொய்யல் ஆற்றின் கரையிலுள்ள பழங்கால அகழாய்வு இடமான கொடுமணலை ஒரு மாதப் பாடமாக எடுத்தால், சிறியவன் மணிகளை எண்ணிக் கோக்கவும், நடுப்பிள்ளை வரைபடத்தில் ஆற்றின் போக்கைத் தொடரவும், மூத்தவள் அங்குக் கிடைத்த பானையோடுகளிலுள்ள தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளைப் பற்றிக் கட்டுரை எழுதவும் இடமுண்டு. அறிவியலுக்காக வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திற்குச் செல்வதை மட்டும் மழைக்காலத்திற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (பொள்ளாச்சி):
மூத்தவளின் பொதுத்தேர்வுக்கு, பள்ளிக்குச் செல்லாதவர்களும் தேர்வு எழுத வழியுள்ள தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைப் பாருங்கள். அதில் பத்தாம் வகுப்பு நிலையில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள் போதும். தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். ஆகவே இந்த ஆண்டு அவசரம் வேண்டாம், கணக்கின் அடிப்படையை உறுதிப்படுத்துங்கள்.

மறுமொழி (பவானி):
ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரே பொருளில் ஒரு மாதம் என்பது நீளம் என்றே நினைக்கிறேன். காலையில் அவனுக்கு முதலில் பாடம் சொல்லி விளையாட அனுப்பிவிட்டால், மூத்தவர்களுடன் நிதானமாக அமர முடியும். பொதுப் பாடங்களில் எங்கள் பக்கத்துப் பழைய பாசனக் கால்வாயான காலிங்கராயன் வாய்க்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசனம், வரலாறு, அளவை மூன்றும் அதில் அடங்கும்.