என்ஐஎச் பட்ஜெட்: 180,000 டொலர் சம்பளம் உச்சவரம்புக்குள் வருமா?

பேராதனை_ஆய்வு:
அட்டன், மஸ்கெலியா தோட்டங்களில் கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றிய ஆய்வுக்கு என்ஐஎச்சுக்கு (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள்) மானிய விண்ணப்பம் எழுதுகிறோம். அமெரிக்க இணை ஆய்வாளருக்கு 9 மாத நியமனம், சம்பளம் 180,000 டொலர். கோடையில் 2 மாதம் எங்களுக்கு வேலை செய்வார். என்ஐஎச் மானியத்தில் எடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 225,700 என்பதால் 40,000 அப்படியே போடலாம்தானே? அட்டனில் ஓர் ஆய்வு உதவியாளரும் உண்டு, மாதம் 90,000 ரூபா.

கணக்கப்பிள்ளை:
போட முடியாது சேர். 225,700 (2025க்கான தொகை) 12 மாதத்துக்கு உரியது. மாதத்துக்கு 18,808.33தான் வரும். உங்கள் ஆளுக்கு 180,000 ÷ 9 = 20,000. வருடத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது, மாத வீதத்தைப் பாருங்கள்.

2 மாதத்துக்கு 37,616 எழுதுங்கள். 37,617 என்றால் 33 சதம் கூடிவிடும், அதற்கும் கேள்வி வரலாம். மிச்சம் 2,384 டொலரை அவருடைய பல்கலைக்கழகம் மத்திய அரசுப் பணம் அல்லாத வேறு நிதியில் இருந்து கொடுக்க வேண்டும். நலன்புரிக் கொடுப்பனவையும் 37,616க்கே கணக்கிட வேண்டும். வீதம் 30% என்றால் 11,284.80, பலர் பழைய 40,000ஐப் பெருக்கி 12,000 என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்கு வருடா வருடம் 3% ஏற்றமும் வேண்டாம், எல்லா வருடத்துக்கும் இப்போதைய உச்சவரம்புதான்.

கொழுந்து_மலை:
உதவியாளர் கணக்கு வேறு. தொழில்தருநர் பங்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12% = 10,800, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% = 2,700. மாதம் 103,500, வருடம் 1,242,000 ரூபா. ஈபிஎஃப்புக்கு ஊழியர் கட்டும் 8% (7,200) அந்த 90,000இல் இருந்தே கழியும், மேலே கூட்டினால் இரட்டைக் கணக்கு. பணிக்கொடைக்கு 5 வருட சேவை வேண்டும், 3 வருடத் திட்டம் மட்டும் என்றால் பட்ஜெட்டில் அந்தச் செலவுத் தலைப்பு தேவைப்படாது. டொலருக்கு மாற்றிய நாளையும் வீதத்தையும் பட்ஜெட் நியாயப்படுத்தலில் எழுதுங்கள்.

பேராதனை_ஆய்வு:
அந்த அமெரிக்க இணை ஆய்வாளரை ஆலோசகர் ஆக்கினால்? உச்சவரம்பு பொருந்தாது என்கிறார்களே.

கணக்கப்பிள்ளை:
ஆலோசகர் கட்டணத்துக்குப் பொருந்தாதுதான். ஆனால் ஆய்வின் ஒரு பகுதியைத் தன் பல்கலைக்கழக ஊழியராகவே நடத்துகிறவருக்குப் பெயரை மட்டும் மாற்றினால் எடுபடாது. சப் அவார்டாக (மானியத்தின் ஒரு பகுதி அவருடைய பல்கலைக்கழகத்துக்கு) பணம் போனாலும் இதே உச்சவரம்புதான்.