மஞ்சளுக்கு எப்போ தண்ணி? செயற்கைக்கோள் சொன்னா நம்பலாமா?

மஞ்சக்காடு:
ஈரோடு பக்கம் 80 சென்ட் மஞ்சள், செவல் மண், கிணத்துப் பாசனம். செயற்கைக்கோள் படம் பார்த்துச் சொல்ற ஒரு செயலி, "நாலு நாளைக்குத் தண்ணி வேண்டாம்"னுச்சு. நம்பி விட்டேன். மூணாம் நாள் மத்தியானமே இலை குழல் மாதிரி சுருண்டுருச்சு. தோண்டினா ஒரு சாணுக்குப் புழுதிதான். மேலே இருந்து பார்த்து என் செடியோட தாகம் எப்படித் தெரியும்?

பச்சைப்படம்:
தெரியும் அண்ணே. நீரை ஆவியா விடுற இலை குளிர்ந்திருக்கும், தண்ணி கிடைக்காதது சூடாகும். அந்தச் சூட்டை லேண்ட்சாட் 8, 9ங்கிற அமெரிக்கச் செயற்கைக்கோள் ரெண்டும் அளக்குது. வெயிலில் வந்த ஆற்றலில் மண்ணையும் காற்றையும் சூடாக்கியது போக மிச்சம், நீரை ஆவியாக்கப் போனது. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர் பாஸ்டியான்சன் கொண்டுவந்த செபால்ங்கிற முறை இந்தக் கணக்குதான். 2021இல் வந்த ஓப்பன்இடிங்கிற இணையச் சேவை, அமெரிக்காவின் 17 மேற்கு மாநிலங்களுக்கு வயல்வாரியா இதைக் கொடுத்தது.

மஞ்சக்காடு:
அந்தச் சூட்டுப் படத்தில் ஒரு கட்டம் எவ்வளவு பெரிசு தம்பி?

பச்சைப்படம்:
100 மீட்டருக்கு 100 மீட்டர்.

மஞ்சக்காடு:
ரெண்டரை ஏக்கர்! என் காடு, பக்கத்துத் தென்னந்தோப்பு, கோழிப்பண்ணைத் தகரக்கூரை எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள. அமெரிக்காவில் குழாய் வட்டமாச் சுத்திப் பாய்ச்சுற வட்டப் பாசனம் ஒண்ணே 120 ஏக்கருக்கு மேல, அங்கே சரிப்படும்.

பச்சைப்படம்:
அது நியாயம். அதனாலதான் சின்ன வயலுக்கு சென்டினல்-2ங்கிற ஐரோப்பியச் செயற்கைக்கோள். 10 மீட்டர் கட்டம், அஞ்சு நாளைக்கு ஒரு படம். உங்க காட்டுக்குள்ளேயே முப்பது கட்டம் விழும். பச்சை எவ்வளவு அடர்த்தினு பார்த்து, வானிலைக் கணக்கோட பெருக்குவாங்க. நாளுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாப் போகுதுன்னா ஏக்கருக்கு 20,000 லிட்டர். விநாடிக்கு 3 லிட்டர் இறைக்கிற மோட்டார் ரெண்டு மணி நேரத்துக்குள்ள அதை ஊத்திரும். நாம அஞ்சு மணி நேரம் ஓட விடுறோமே!

மஞ்சக்காடு:
அதில் சூடு தெரியாதே? சுருண்ட அன்னிக்கும் இலை பச்சையாத்தான் இருந்துச்சு. வெளுக்கிறதுக்குள்ள கிழங்கு போயிரும்.

கடைமடை:
ஒரு காட்டையே பிடிச்சு நிக்கிறீங்க ரெண்டு பேரும். எங்க டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிட்டா இந்த ரெண்டுமே குருடு. ரேடார் உள்ள சென்டினல்-1 மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், நட்ட பரப்பைச் சொல்லும். ஆவியானதை நேரா அளக்காது. ஆனா வானம் தெளிஞ்ச நாள்ல, ஒரு வாய்க்கால் பாசனம் முழுக்க தலைமடை வயல்ல எவ்வளவு நீர் ஆவியாச்சு, கடைமடை வயல்ல எவ்வளவு ஆவியாச்சுனு அந்தச் சூட்டுப் படத்தால காட்டலாம். அதுக்கு ரெண்டரை ஏக்கர் கட்டமே போதும். முறைத்தண்ணி கேட்டுப் போறப்ப வெறுங்கையோட நிக்கிறோம், அந்தப் படம் எங்களுக்கு வேணும்.

பச்சைப்படம்:
மஞ்சக்காடு அண்ணே, அந்தச் செயலி மண் என்னனு கேட்டுச்சா? கரிசல் பிடிச்சு வைக்கிற நீரைச் செவல் வைக்காது. ஆவியானதைச் சரியா கணிச்சாலும், மண்ணில் மிச்சம் என்னனு தெரியாம நாள் குறிக்க முடியாது.

மஞ்சக்காடு:
கேட்கலை. பயிர் பேரும் நட்ட தேதியும்தான். மண்ணையும், கடைசியா மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கிறதையும் கேட்கட்டும், மறுபடி பார்க்கிறேன். அதுவரைக்கும் ஒரு சாண் தோண்டிப் பார்த்துத்தான் மோட்டார் போடுவேன்.