நாலாம் மாதத்தில் தொலைந்த தூக்கம்

மடிப்பாக்கம் அம்மா

மகனுக்கு இப்போது பத்து மாதம். நாலாம் மாதத்தில் நான் பட்ட பாடு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பிரசவத்துக்குத் திருச்சியில் அம்மா வீட்டில் இருந்தேன். முதல் மாதம் பகல் முழுக்கத் தூங்குவான், ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். "தானாக மாறிவிடும்" என்றார் அம்மா. இரண்டரை மாத ஊசி போடும் சமயத்தில் அப்படியே மாறியது. (உடம்புக்குள் ராப்பகல் கணக்கு பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். இது பிறகு தெரிந்துகொண்டது.) அம்மா காலை நீட்டிப் போட்டுத் தலைக்கு ஊற்றி, உத்தரத்தில் கட்டிய தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் சத்தமே இருக்காது. ராத்திரியும் ஒரே தடவைதான் பாலுக்கு எழுவான். பிள்ளை சமர்த்து என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

நாலாம் மாதம் சென்னைக்கு வந்தோம். வாடகை வீடு. தூளி கட்டக் கொக்கி இல்லை, துளை போடவும் வீட்டுக்காரர் விடவில்லை. இரும்பு ஸ்டாண்டு வாங்கினோம். இரண்டாம் வாரம் ஆரம்பித்தது. தூங்கிய முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவான். ஆட்டினால் தூங்குவான், மறுபடி முக்கால் மணி. விடியும்வரை இதே கதை. வீடு மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமியார். உரம் விழுந்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கண் பட்டிருக்கும் என்று அம்மா போனிலேயே சுற்றிப்போடச் சொன்னார், அதையும் செய்தேன். எனக்கோ பால் போதவில்லையோ என்ற பயம்.

மருத்துவர் எடை பார்த்தார், நன்றாக ஏறியிருந்தது. "வீடும் காரணம் இல்லை, பாலும் காரணம் இல்லை. வயசு" என்றார். பிறந்த புதிதில் குழந்தை கண் மூடியதும் முதலில் வருவது கைகால் அசைந்து முகம் சுளிக்கும் தூக்கம். நாலாம் மாத வாக்கில் அது பெரியவர்கள் தூக்கம் போல மாறத் தொடங்குகிறது. ஒரு சுற்று முடிந்ததும் லேசாக விழிப்பு வரும். நாம் அந்த விழிப்பில் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். இவனோ, ஆடிக்கொண்டிருந்த தூளி ஏன் நின்றது என்று கேட்டு அழுகிறான். அந்த மாதமே குப்புற விழத் தொடங்கியதால் ராத்திரியில் தூளியே வேண்டாம், கெட்டியான சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

பழக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இரட்டையர் அப்பா

எங்கள் வீட்டில் நாலாம் மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தோம். ஐந்தரை மாதத்தில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தார்கள். இருவரும் 34 வாரத்தில் பிறந்தவர்கள். முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று மருத்துவமனை நர்ஸ் சொன்ன பிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முதல் மாதம் நாளுக்கு 16 மணி நேரம் தூங்கியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாங்கள் ஏன் தூங்கவில்லை என்பது நோட்டைப் பார்த்தால் தெரியும். ஒன்று தூங்கும்போது மற்றொன்று விழித்திருக்கும். எட்டாம் மாதம் 14 மணி நேரம். மொத்தத்தில் குறைந்தது இரண்டு மணிதான். ஆனால் துண்டு துண்டாகக் கிடந்த தூக்கம் ராத்திரியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பகல் தூக்கம் நாலு, மூன்று என்று குறைந்து இரண்டில் நின்றது.

கோவை, முதல் குழந்தை

எனக்கு ஆறு மாதத்தில்தான் வந்தது, தோழி. 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். பகலில் எடுத்து வைத்துவிட்டுப் போன பாலை மகள் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவிடுவாள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மடிக்கு வந்துவிடுவாள். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பகல் கணக்கை ராத்திரியில் தீர்த்தாள். பல் முளைக்கிறது என்றார்கள். பல் வந்தது எட்டரை மாதத்தில்! காலை கிளம்பும் முன்னும், வந்த உடனேயும், படுக்கும் முன்னும் இருட்டறையில் வைத்து நிதானமாகப் பால் கொடுத்ததில் மெல்ல மெல்லக் குறைந்தது. வேலை நேரத்தில் மூன்று காபி குடித்ததை மறைக்க வேண்டாம்.

சேலம் பாட்டி

பேத்தி தூக்கத்தில் சிரித்தால் "நரி விரட்டுது" என்று நான் சொல்வேன். மருமகள் உடனே தட்டி எழுப்பித் தூக்கிவிடுவாள். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதிக்குப் பாதி அப்படி முனகிக்கொண்டும் நெளிந்துகொண்டும்தான் இருக்கும். அது விழிப்பு இல்லை, அம்மா. ஒரு நிமிடம் பொறு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆனால் ஒன்று. குழந்தையைக் குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று நான் சொன்னபோது அவள் கேட்கவே இல்லை. திடீர் மரணம் வரை போகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். என் பிள்ளைகளை நான் அப்படித்தான் போட்டேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மடிப்பாக்கம் அம்மா

பாட்டி, உங்கள் மருமகள் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

கேட்டவர்களுக்கு இப்போதைய நிலவரம்: எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிறான், பாலுக்கு ஒரு தடவைதான் எழுகிறான். ஒன்பதாம் மாதம் மட்டும் மறுபடி இரண்டு வாரம் ஆட்டம். நான் அறையை விட்டு வெளியே போனாலே அழுகை. போதாததற்குத் தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டான், உட்காரத் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் நின்றபடி, தூக்கக் கலக்கத்தில் தலை ஆட, "ம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். பகலில் பத்து தடவை உட்காரப் பழக்கினோம். இப்போது தானே உட்கார்ந்து, சாய்ந்து, தூங்கிவிடுகிறான்.

மூச்சு வருகிறதா என்று பார்க்க நான்தான் எழுந்துகொண்டிருக்கிறேன்.